பெரிய கண்ணாடி மணிகளுக்கு மைனர் டார்ச் போதுமா?

கேள்வி: கண்ணாடியை உருக்கி மணி செய்கிறேன். டார்ச் (சுடர்க்கருவி) நார்டெல் மைனர், நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கருவி), எரிவாயு புரொப்பேன். கண்ணாடி 104 (வெப்பத்தில் விரியும் அளவைக் குறிக்கும் எண்). மணி 4 செ.மீ. தாண்டினால் ஒரு பக்கம் உருகும்போது மறுபக்கம் ஆறி, 'டிக்'கென்று விரிசல். டார்ச்சை மாற்றலாமா?

பதில் 1: மாற்றலாம். மைனரின் சுடர் மெலிசு, அந்த அளவு மணியைச் சுற்றிவளைக்காது. நார்டெலின் மிட் ரேஞ்ச் டார்ச்சைப் பாருங்கள்: மேலே மைனர், கீழே பெரிய பர்னர். நுணுக்க வேலைக்கு மேல்சுடர் மட்டும், மொத்தமாகச் சூடேற்ற இரண்டும்.

பதில் 2: ஒற்றைக் கான்சன்ட்ரேட்டரில் மிட் ரேஞ்ச் மூச்சுவாங்கும். ஆக்சிஜன் குறைந்தால் சுடர் மஞ்சளாகி, வெளிர்நிறக் கண்ணாடியில் புகைக்கறை படியும். இரண்டு கான்சன்ட்ரேட்டரை ஒய் இணைப்பில் சேருங்கள், இல்லாவிட்டால் சிலிண்டர். காசு கரைவது டார்ச்சில் அல்ல, ஆக்சிஜனில்தான்!

பதில் 3: அதுவரை மணியைச் சுடரின் வெளிநுனியில் சுழற்றி, அலங்காரத்தின் நடுவே அடிக்கடி முழு மணியையும் சுடரில் காட்டுங்கள். முடிந்ததும் 510 டிகிரி செல்சியஸ் கில்னுக்கு (மெல்ல ஆறவைக்கும் சூளை).