நிதித் திட்டமிடுநர் சான்றிதழ் வரலாறு: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வணிகவியல் மாணவர்களுக்காக, அமெரிக்காவில் நிதித் திட்டமிடுநர்களுக்கு (சேமிப்பு, முதலீடு போன்றவற்றில் ஆலோசனை கூறுபவர்களுக்கு) வழங்கப்படும் CFP சான்றிதழ் வளர்ந்த விதம் குறித்து ஒரு பாடம் தயாரித்து வருகிறேன்.

1969-இல் சிகாகோவில் 13 பேர் கூடிப் பேசியதில் தொடங்கிய இம்முயற்சியில், 1985-இல் சான்றிதழை வழங்கிக் கண்காணிக்கும் பொறுப்பு, பாடம் நடத்திய கல்லூரியிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. (கற்பிப்பவரே தகுதியையும் தீர்மானிப்பது இத்தகைய சான்றிதழுக்குப் பொருந்தாது அல்லவா?) பட்டப்படிப்பு கட்டாயமானது 2007-இல்தான். ஆலோசனை கூறும்போதெல்லாம் வாடிக்கையாளர் நலனையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்ற விரிவான நெறி 2019-இல் நடைமுறைக்கு வந்தது.

1985 மாற்றத்தை விளக்கும் நூல்களோ கட்டுரைகளோ தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். இச்சான்றிதழுடன் இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் முதலீட்டு ஆலோசகர் பதிவும் பெற்றவர்கள், இரண்டின் தேர்வுகளையும் ஒப்பிட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும்.