மாயத்திரை பார்ப்பவர் கண்ணில் விழுகிறதா, மறைபவர் மேல் விழுகிறதா?

நிலாமுற்றம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதமாக ஒரு மாயப்புனைவு நாவல் எழுதி வருகிறேன். கதை அயர்லாந்தில், பாய்ன் ஆற்றங்கரையில் நடக்கிறது. படிப்புக்காக டப்ளினில் இரண்டு ஆண்டுகள் இருந்தபோது நியூகிரேஞ்ச் மேட்டைப் பார்க்கப் போயிருந்தேன்; கதை அங்கேதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஐயாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட அந்தக் கல்லறை மேட்டுக்குள் பழைய தெய்வக்குடியினர் இன்றும் வாழ்கிறார்கள் என்பதும், பேருந்தில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிகளின் கண்ணுக்கு அவர்கள் தென்படுவதில்லை என்பதும்தான் கதையின் அடிப்படை.

பதினோராவது அத்தியாயத்தில் சிக்கி நிற்கிறேன். கைப்பிரதியைப் படித்த என் அக்காள் மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சித்தி, வண்டி நிறுத்துமிடத்தில் அந்தக் குதிரை இரண்டு மணி நேரம் நின்றதே, அதன் மேல் ஒருவர்கூட மோதவில்லையா?" எனக்குப் பதில் வரவில்லை. குதிரையை யாரும் பார்க்கவில்லை என்று எழுதினேனே தவிர, ஏன் பார்க்கவில்லை, எப்படிப் பார்க்கவில்லை என்று நான் யோசித்திருக்கவே இல்லை.

இப்போது வரும் இளையோர் நாவல்களில் இதற்கு ஒரு தயார்நிலைத் தீர்வு இருக்கிறது. மூடுபனி போன்ற ஏதோ ஒன்று உலகத்தின் மேல் கவிந்திருக்கும். அரக்கன் நாயாகத் தெரிவான், வாள் மட்டையாகத் தெரியும், வெடித்த பாலத்துக்கு எரிவாயுக் கசிவு காரணம் என்று மறுநாள் செய்தித்தாள் எழுதும். எழுத்தாளருக்கு வேண்டும்போது அது மூடிக்கொள்கிறது, வேண்டாதபோது திறந்துகொள்கிறது. அந்த வசதிதான் எனக்கு உறுத்துகிறது. பழைய கதைசொல்லிகள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். திரை பார்ப்பவரின் கண்ணில் இருக்கிறதா, மறைந்திருப்பவரின் உடம்பின் மேல் இருக்கிறதா?

பழஞ்சுவடி எழுதியது:

நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்துக்கு அதற்கே உரிய திரை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய ஐரிஷ் மொழியில் அதன் பெயர் ஃபேத் ஃபீயதா. பின்னால் அயர்லாந்துக்கு வந்த மனிதக் குடியான மீலின் மைந்தர்களிடம் தோற்ற தூவா டே டனன் என்னும் தெய்வக்குடி நிலத்துக்கு மேலே இருந்த ஆட்சியை இழந்து மேடுகளுக்குள் குடிபுகுந்தபோது, கடல்தெய்வமான மனனான் அவர்களுக்கு மூன்று ஏற்பாடுகளைச் செய்து கொடுத்தான் என்று கதை சொல்கிறது. பிறர் கண்ணில் படாமலிருக்க ஃபேத் ஃபீயதா, மூப்பும் சாவும் அண்டாமலிருக்கக் கொல்லன் கோய்ப்னூவின் விருந்து, அறுத்து உண்டாலும் மறுபடி உயிரோடு எழுந்து வரும் பன்றிகள். இம்மூன்றும் ஒன்றாக வருகின்றன என்பதைக் கவனியுங்கள். திரை அங்கே ஒளிந்துகொள்ளும் தந்திரமாக மட்டும் இல்லை. தோற்றுப்போன ஒரு குடி தொடர்ந்து வாழ்வதற்கான ஏற்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு அது.

இந்தச் செய்தி வரும் கதையே உங்கள் மேட்டில்தான் நடக்கிறது. நியூகிரேஞ்ச் என்று இன்று சொல்லப்படும் இடம் ஏங்கஸ் என்னும் தெய்வத்தின் வீடு. அங்கே வளர்ந்த எத்னே என்ற பெண்ணை, விருந்துக்கு வந்த ஃபின்பர் என்பவன் சொல்லால் இழிவுபடுத்திவிடுகிறான். அன்று முதல் அவள் தன் குடியின் உணவைத் தொடுவதில்லை. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பசுவின் பாலைத் தானே கறந்து அருந்தி உயிர் வாழ்கிறாள். (ஆம், இந்தியாவிலிருந்துதான். அது அறம் பிறழாத நாடு என்பதால் அந்தப் பால் அவளுக்கு ஒத்துக்கொண்டதாம். படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சிரித்தேன்.)

பிறகு வரும் காட்சிதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. வெயில் மிகுந்த ஒரு நாள் எத்னே தோழியரோடு பாய்ன் ஆற்றில் குளிக்கப் போகிறாள். நீரில் இருக்கும்போது அவளுடைய திரை அவளை விட்டு நீங்கிவிடுகிறது. உடனே மனிதர்கள் அவளைப் பார்த்துவிட்டார்கள் என்று இன்றைய எழுத்தாளர் எழுதியிருப்பார். பழைய கதை அப்படிப் போகவில்லை. அவளால் தன் தோழியரைப் பார்க்க முடியவில்லை. கரையேறித் தேடுகிறாள், ஒருவரும் இல்லை. அவர்கள் போய்விடவில்லை, இவள் கண்ணுக்குத்தான் இல்லாமல் போனார்கள். தனியே நடந்து ஒரு தேவாலயத்தை அடைந்து, அங்கிருந்த துறவியிடம் சேர்கிறாள். தன் வீட்டார் தேடி வந்தும் அவள் திரும்புவதில்லை; கடைசியில், அயர்லாந்தில் கிறித்தவத்தைப் பரப்பிய புனித பாட்ரிக்கின் மார்பில் தலை சாய்த்து உயிர் விடுகிறாள்.

ஆகவே, திரை கண்ணிலும் இல்லை, உடம்பின் மேலும் இல்லை. இன்ன குடியைச் சேர்ந்தவர் என்ற உறவில் இருக்கிறது என்பேன். அந்த உறவு அறுந்தால் இரண்டு பக்கமும் பார்வை அறும். இதை எடுத்துக்கொண்டால் உங்கள் நாவலில் திரை விலகுவது ஒரு வசதியாக இராது, ஒரு சாவுக்குச் சமமாக இருக்கும்.

இன்னொரு கதையும் உண்டு. பாட்ரிக்கும் அவருடன் இருந்தவர்களும் அரசன் லோய்கரேயின் ஆட்களிடமிருந்து தப்பியபோது, அந்த ஆட்களின் கண்ணுக்கு எட்டு மான்களும் பின்னே ஒரு குட்டியும் போவது மட்டுமே தெரிந்ததாம். பாட்ரிக் பாடியதாகச் சொல்லப்படும் காப்புப் பாடலுக்கும் ஏறக்குறைய ஃபேத் ஃபீயதா என்ற இதே பெயர்தான். மானின் குரல் என்று பிற்காலத்தில் பொருள் சொன்னார்கள். இங்கே இருப்பது மறையவில்லை, அதன் இடத்தில் வேறொன்று தெரிகிறது. உங்கள் அக்காள் மகளின் கேள்வி முதல் வகைத் திரையைத்தான் கவிழ்க்கும், இரண்டாவதை அசைக்காது. குதிரை நின்ற இடத்தில் வேறு ஏதோ ஒன்று நிற்பதாகத் தெரிந்தால், வருகிறவர்கள் தாமாகவே அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

அளவுகோல் எழுதியது:

பழஞ்சுவடி அவர்கள் சொன்னது அருமை. ஆனால் இன்றைய கதைக்கு அது பாதி விடைதான். மறைந்தவரை மனிதன் மட்டும் பார்க்காமலிருந்தால் போதாது. கைப்பேசி, கண்காணிப்பு கேமரா, கடை வாசலில் தானாகத் திறக்கும் கதவு ஆகியவையும் இருக்கின்றன. கதவுக்குக் கண்ணும் இல்லை, மனமும் இல்லை. மான் வேடம் அரசனின் ஆட்களை ஏமாற்றும். எதிரே ஒரு சூடான உடம்பு வந்தால் திறந்துகொள்ளும் கதவை எப்படி ஏமாற்றும்? பெட்ரோல் நிலையக் கடையின் கதவு யாருமே வராதபோது திறந்து, சற்றுப் பொறுத்து மூடுகிறது, கல்லாவில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்கிறார் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். திரையின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும், நீங்கள் விளக்க வேண்டியிராது.

புகைப்படத்தைப் பற்றி எழுத்தாளர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு படம் வெளியானால் உலகமே திரண்டு மேட்டைத் தோண்ட வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நடந்ததைப் பாருங்கள். 1917-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், காட்டிங்லி என்ற ஊரில் எல்சி ரைட், ஃபிரான்சஸ் கிரிஃபித்ஸ் என்ற இரண்டு சிறுமியர் ஓடைக்கரையில் தேவதைகளைப் படம் பிடித்ததாகச் சொன்னார்கள். அட்டையில் வரைந்து வெட்டித் தொப்பி ஊசியால் நிறுத்திய உருவங்கள் அவை. 1920-இல், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் அந்தப் படங்களை மெய்யென்று நம்பி ஓர் இதழில் கட்டுரையே எழுதினார். படங்கள் போலி என்று 1980-களில்தான், முதுமையில், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அறுபது ஆண்டுக்கும் மேலாக அந்தப் படங்கள் உலகின் கண் முன் இருந்தன. நம்ப விரும்பியவர் நம்பினார், மற்றவர் சிரித்தார், ஓடை ஓடிக்கொண்டிருந்தது. பொய்ப்படத்துக்கே இந்தக் கதி என்றால் மெய்ப்படத்துக்கு மட்டும் வேறு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதிலும் இன்று, கணினியால் எதையும் வரைந்துவிட முடிகிற நாளில். ஆகவே கேமராவை வெல்லும் திரையைப் பின்னுவதற்காக மூன்று அத்தியாயங்களைச் செலவழிக்காதீர்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. எத்னேயின் கதை என்னைத் தூங்கவிடவில்லை. என் நாவலில் எதிர்த்திசையில் ஒரு நிகழ்வு வருகிறது: அந்த ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவருக்கு மேட்டுக்குள் இருப்பவர்கள் தெரியத் தொடங்குகிறார்கள். பிறவியிலேயே அவருக்கு அந்தப் பார்வை உண்டு என்று எழுதி வைத்திருக்கிறேன். அது சோம்பேறித்தனமாகப் படுகிறதா?

தாழம்பூ எழுதியது:

படுகிறது, மன்னியுங்கள். பிறவிப் பார்வை என்றால் அவர் எதையும் கொடுக்காமல் வாங்கிவிட்டார் என்று பொருள். பழைய கதைகளில் பார்வை யாருக்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை. இலியட் என்னும் கிரேக்கக் காப்பியத்தில், தெய்வங்களைக் காணவிடாமல் வீரன் டயோமெடிஸின் கண்ணை மூடியிருந்த மூடுபனியை ஏதீனா என்னும் தெய்வம் விலக்குகிறாள். விலக்கிய கையோடு, காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியைத் தவிர வேறெந்தத் தெய்வத்தோடும் போரிடாதே என்று எல்லையும் வகுத்துவிடுகிறாள்.

உங்கள் பண்ணைக்காரருக்கு இன்னும் பொருத்தமான ஒரு கதை பிரான்சில் இருக்கிறது. டில்பரியின் ஜெர்வாஸ் என்பவர் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி வைத்தது. ரோன் ஆற்றின் அடியில் வாழும் டிராக் என்னும் நீர்ப்பூதங்கள், போகேர் ஊர்ப் பெண் ஒருத்தியைத் தங்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்க இழுத்துப்போகின்றன. ஏழு ஆண்டுகள் அங்கே இருக்கிறாள். ஒரு நாள் விலாங்கு மீன் பண்டம் தின்ற கையோடு தற்செயலாக ஒரு கண்ணைத் தொட்டுவிடுகிறாள். அந்தக் கொழுப்பு பட்ட கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. ஊர் திரும்பிய பிறகு, ஒரு விடியற்காலையில் போகேர் சந்தையில் அந்த டிராக்கைப் பார்க்கிறாள். பயந்து ஓடவில்லை. பழகியவரைக் கண்டதுபோல் வணக்கம் சொல்லி, மனைவியும் பிள்ளையும் நலமா என்று விசாரிக்கிறாள். அவன் நின்று, "எந்தக் கண்ணால் என்னைப் பார்க்கிறாய்?" என்று கேட்கிறான். அவள் காட்டுகிறாள். அவன் அந்தக் கண்ணில் விரலைக் குத்திவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்து போகிறான்.

ஒற்றைக் கண்ணில் பட்ட கொழுப்பு! மை போட்டுப் பார்ப்பது என்று நம் பக்கத்தில் சொல்வது நினைவுக்கு வருகிறதல்லவா? மறைந்ததைக் காண எதையாவது பூசிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் இருக்கிறது. ஆனால் என்னை அந்தக் கதையில் பிடித்து நிறுத்துவது பூச்சு அல்ல, நலம் விசாரிப்பு. அன்பாகப் பேசியதால்தான் அவள் அகப்பட்டுக்கொண்டாள். உங்கள் பண்ணைக்காரர் வாய் திறக்காமல் இருந்தால் வாழ்நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒரு வார்த்தை பேசினால் போயிற்று என்று வைத்துப் பாருங்கள். எத்தனை பக்கம் அவர் பேசாமல் இருப்பார்?

நிலாமுற்றம் எழுதியது:

நாற்பது பக்கம் பேசாமல் இருக்கிறார், தாழம்பூ அவர்களே. நேற்று இரவு எழுதிப் பார்த்தேன். மேட்டிலிருந்து வரும் கிழவி வேலியோரம் தடுக்கி விழும்போது, "அடிபட்டதா, அம்மா?" என்று தன்னை மறந்து கேட்டுவிடுகிறார்.

குதிரை இப்போது வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பழைய வெள்ளை வேனாகத் தெரிகிறது; எல்லாரும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். அக்காள் மகளிடம் அனுப்பினேன். அந்த வேனுக்கு அபராதச் சீட்டு ஒட்ட வந்தவர் அதை எங்கே ஒட்டினார் என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.