சுடுவெயில், கடுங்குளிர், ருபிடியம் கடிகாரம்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

ருபிடியம் அணுக்கடிகாரத்தின் வெப்ப வடிவமைப்பில் சில வருடம் வேலை பார்த்தேன். வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்குள் வைக்கிற கருவி. மைனஸ் 30 முதல் 70 டிகிரி வரை ஓட வேண்டும். குளிர்தான் படுத்தும் என்று நினைத்திருந்தோம். படுத்தியது சூடு.

சோதனை அறையில் கருவி உட்காரும் அடித்தகட்டை ஐந்தைந்து டிகிரியாக ஏற்றினோம். 60 வரை ஒரு சலனமும் இல்லை. 65இல் செல்லின், அதாவது ருபிடியம் ஆவி அடைத்த கண்ணாடிக் குப்பியின், ஹீட்டர் மின்னோட்டம் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது. திரையில் அந்தக் கோடு தரையோடு படுத்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஹீட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. செல்லை 75இல் நிறுத்தியிருந்தோம். பக்கத்திலேயே, செல்லுக்குள் ஒளி பாய்ச்சும் ருபிடியம் விளக்கு 110 டிகிரியில். மின்சுற்றும் தன் பங்குக்குச் சூடு தந்தது. அதற்கு மேல் வெளியே ஏறும் ஒவ்வொரு டிகிரியும் நேராகச் செல்லுக்குள் போனது.

சரி, செல்லை 90க்கு ஏற்றிவிடலாமே? பார்த்தோம். ஆவி அடர்த்தியாகி விளக்கின் ஒளியை விழுங்கியது. செல்லுக்குள் செலுத்தும் நுண்ணலை ருபிடியம் அணுவின் அலைவெண்ணான 683 கோடியே 46 லட்சத்துச் சொச்சம் ஹெர்ட்ஸில் பொருந்தும்போது அந்த ஒளி லேசாக மங்கும். அதை வைத்துத்தான் கடிகாரமே ஓடுகிறது. அந்த மங்கல் இரைச்சலில் கரைந்துபோனது.

கடைசியில் 80இல் நிறுத்தி, விளக்கின் சூடு செல்லுக்குத் தாவாமல் தனி வழியில் அடித்தகட்டுக்கு இறக்கினோம். அப்புறம் இன்னொரு வேலை வந்தது. செல்லுக்குள் நைட்ரஜனும் ஆர்கானும் இருக்கும். சூடு ஏறினால் நைட்ரஜன் அலைவெண்ணை மேலே தள்ளும், ஆர்கான் கீழே இழுக்கும். இரண்டும் ஈடாகும் வெப்பநிலையில்தான் செல்லை வைக்க வேண்டும். 75க்குக் கலந்தது 80க்கு ஆகாது. கலவையை மாற்றிப் புதுச் செல் செய்ய வேண்டியதாயிற்று.

பதில்:

குளிரையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. மைனஸ் 40இல் கிடந்த எங்கள் கருவியில் விளக்கு பற்றவே திணறியது. கழற்றிப் பார்த்தால் கண்ணாடி முகப்பில் வெள்ளிப் பூச்சு மாதிரி ருபிடியம் படிந்திருந்தது. இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய் அது ஒட்டிக்கொள்ளும். அணைத்ததும் எங்கள் விளக்கில் முகப்புதான் முதலில் ஆறியிருக்கிறது. சூடான காற்றை மெல்லக் காட்டினேன். பூச்சு ஓரத்திலிருந்து விலகி விலகிப் பின்வாங்கியது. மறுபடி போட்டதும் ஊதா கலந்த இளஞ்சிவப்பு வெளிச்சம் நின்று எரிந்தது. அதன்பின் விளக்கின் வால்முனையை எப்போதும் மிகக் குளிர்ந்த இடமாக இருக்கும்படி மாற்றினோம். அதற்கே ஐந்து மாதம்.

பதில்:

2023 மே 29இல் என்விஎஸ்-01 வழிகாட்டிச் செயற்கைக்கோள் நம் நாட்டிலேயே செய்த ருபிடியம் கடிகாரத்தோடு கிளம்பியபோது எனக்கு ஒரு திருகுதான் நினைவுக்கு வந்தது. வெற்றிடத்தில் காற்று இல்லை. விளக்கின் சூடு பெரும்பாலும் அடித்தகட்டைத் தொடும் இடங்கள் வழியாகத்தான் இறங்க முடியும். எங்கள் சோதனைக் கருவியின் நான்கு திருகில் ஒன்று சரியாக முடுக்கப்படவில்லை. மேசையில் காற்று ஈடுகட்டியதால் தெரியவில்லை. வெற்றிட அறையை மூடி மூன்று மணி நேரத்தில் விளக்கு 8 டிகிரி ஏறி நின்றது. திறந்து பார்க்க மறுநாள் காலை வரை காத்திருந்தோம். அந்தத் திருகு விரலாலேயே சுழன்றது.