மாட்டுப் பொங்கலன்று கூடிய கூட்டம்: சிஎம்எம்ஐ அப்ரைசல் அனுபவங்கள்

தொடங்கியவர் (சென்னை, டெஸ்டிங்)

சிஎம்எம்ஐ அப்ரைசலில் சிக்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். சம்பள அப்ரைசல் இல்லை; ஒரு கம்பெனி எவ்வளவு ஒழுங்கான முறையில் மென்பொருள் வேலை செய்கிறது என்று பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை நிலை கொடுக்கும் மதிப்பீடு. என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

2012. ஓஎம்ஆரில் நடுத்தர அளவில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். மூன்றாம் நிலைக்கு அப்ரைசல் என்று முடிவாகிவிட்டது. நான் அப்போது டெஸ்ட் லீட். "இந்தப் பொண்ணு டாக்குமெண்ட்டை வரி விடாமப் படிக்கும்" என்று யாரோ போட்டுக்கொடுத்ததில் என்னை அப்ரைசல் டீமிலேயே சேர்த்துவிட்டார்கள். மூன்று நாள் அறிமுக வகுப்பு, ரகசியம் காப்பேன் என்று ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். உள்ளிருந்து நாங்கள் ஐந்து பேர். மதிப்பீட்டை நடத்தும் லீட் அப்ரைசர் மட்டும் வெளியாள், புனேக்காரர்.

இதெல்லாம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்போது இருந்த 1.3 பதிப்பில் மூன்றாம் நிலைக்கு 18 பிராசஸ் ஏரியா, அதாவது வேலைப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் பல பிராக்டிஸ்கள் (நடைமுறைகள்). தேர்ந்தெடுத்த புராஜெக்ட்களில் அவை நிஜமாகவே நடந்தன என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஃபைல் மட்டும் போதாது, வேலை செய்தவர்களும் இன்டர்வியூவில் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் அந்தக் கட்டம் பச்சையாகும்.

அப்ரைசலுக்கு மூன்று வாரம் முன்பு வரை ஒரு புராஜெக்ட்டில் வாராந்திரக் கூட்டத்தின் மினிட்ஸே (நடவடிக்கைக் குறிப்பே) கிடையாது. கூட்டம் நடக்காமல் இல்லை. காபி மெஷின் பக்கத்தில் நின்றபடியே பேசி முடித்துவிடுவார்கள். சரி, எட்டு மாத மினிட்ஸையும் உட்கார்ந்து தயாரிப்போம் என்று ஒரு சனிக்கிழமை இறங்கினார்கள். எக்செல்லில் முதல் திங்கட்கிழமையின் தேதியைப் போட்டு, ஏழு ஏழு நாளாக மவுஸால் கீழே இழுத்தால் தேதிகள் தானாக வந்துவிடும் அல்லவா? வந்தன. மூன்று பேர் மாற்றி மாற்றி உள்ளே சமாச்சாரத்தை நிரப்பினார்கள். இது எனக்கு அப்போது தெரியாது.

ஆதாரம் பார்க்கும் இரண்டாம் நாள். லீட் அப்ரைசர் புராஜெக்ட் பிளானைத் திறந்தார். அதோடு ஆண்டு விடுமுறைப் பட்டியலும் இணைப்பாக இருந்தது. ஒழுங்காக வேலை செய்கிறோம் என்று காட்ட நாங்களே சேர்த்தது. அதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டார். மறுபக்கம் மினிட்ஸ். பேனா முனையை ஒரு வரியில் வைத்து, "16 ஜனவரி இங்கே லீவு என்று போட்டிருக்கிறதே" என்றார். திங்கட்கிழமை. மாட்டுப் பொங்கல். ஏழு பேர் வந்ததாகவும் ஒருவர் டிஃபெக்ட் எண்ணிக்கை குறைந்திருப்பதை விளக்கியதாகவும் எழுதியிருந்தது. வந்தவர்கள் பட்டியலில் இரண்டாம் பெயர், பிப்ரவரியில்தான் வேலைக்கே சேர்ந்த ஒரு பையனுடையது.

அறையில் ஏசி சத்தம் மட்டும்தான்.

அவர் கத்தவில்லை. "இதை எடுத்து வையுங்கள். இந்தப் புராஜெக்ட் எப்படி நடந்தது என்று எனக்கு வேறு எதையாவது காட்டுங்கள்" என்றார். டீம் லீட் முகம் வெளுத்துப் போய் தன் மெயிலைத் திறந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆன்சைட்டுக்கு (வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கு) அனுப்பிய மெயில்கள். என்ன முடிந்தது, என்ன முடியவில்லை, யார் எப்போது முடிப்பார்கள் என்று எண் போட்டு எழுதியிருந்தார். போன வாரம் பாக்கி இருந்தது இந்த வாரம் மூடப்பட்டிருந்தது. எட்டு மாதமும் ஒரு வாரம்கூட விடவில்லை. சிஎம்எம்ஐ கேட்டது இதைத்தான். அதில் டெம்ப்ளேட் இல்லை, லோகோ இல்லை என்பதால் எங்கள் குவாலிட்டி ஆட்கள் "இது ஆதாரம் ஆகாது" என்று ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

கடைசியில் அந்தப் பிராக்டிஸுக்கு 'பெருமளவு நடைமுறையில் உள்ளது' என்ற மதிப்பீடும், ஒரு குறைபாட்டுக் குறிப்பும் கிடைத்தன. நிலை மூன்றும் வந்தது. ஸ்வீட் கொடுத்தார்கள். எனக்குத்தான் அந்த ஸ்வீட் இறங்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் மதுரைக்காரர்

அக்கா, எங்கள் கதை டார். ஒரு முக்கிய முடிவை எடுக்கும்போது மாற்று வழிகளை அளவுகோல் வைத்து ஒப்பிட்டு எடுக்க வேண்டும் என்கிற பிராசஸ் ஏரியா. நாங்கள் ஒரு டெஸ்ட் டூலை வாங்கி, லைசென்ஸ் போட்டு, ஆறு மாதம் ஓட்டிய பிறகு ஒப்பீட்டுத் தாள் தயாரித்தோம். எட்டு அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் வெயிட்டேஜ். மார்க் போட்டுக் கூட்டிப் பார்த்தால், வாங்காத டூல் ஜெயித்துவிட்டது! அப்புறம் என்ன, நாங்கள் வாங்கியது ஜெயிக்கும் வரை 'பயன்படுத்த எளிது' என்ற வரியின் வெயிட்டேஜை ஏற்றிக்கொண்டே போனோம். 40 சதவீதத்தில் நின்றது. அப்ரைசர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எளிமை உங்களுக்கு இவ்வளவு முக்கியமா?" எல்லோரும் ஒரே குரலில், ஆமாம் சார்.

ஒரு டெவலப்பர் (இப்போது வேறு ஊர்)

இன்டர்வியூவில் உட்கார்ந்தவன் பக்கத்தையும் கேளுங்கள். எங்களுக்கு முதலில் ஒத்திகை இன்டர்வியூ வைத்தார்கள். 60 கேள்வி, 60 பதில், அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். குவாலிட்டி பாலிசியை ஐடி கார்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். ஒரே ஒரு தாரக மந்திரம்: "தெரியாது என்று சொல்லாதே, எங்கே இருக்கிறது என்று தெரியும் என்று சொல்." பிளஸ் டூ வைவாவுக்குப் போன மாதிரி கக்கத்தில் பிரிண்ட் அவுட்டோடு அலைந்தோம்.

அன்று நாங்கள் நாலு புரோகிராமர்கள். மேனேஜர்களை உள்ளே விடமாட்டார்கள், அது முறை. யார் சொன்னார்கள் என்று வெளியே போகாது என்றும் ஆரம்பத்திலேயே சொன்னார்கள். எஸ்டிமேட் யார் போடுவது என்று கேட்டார்கள். அச்சடித்த பதில்: "டீமோடு கலந்து பேசி, பழைய புராஜெக்ட் தரவுகளின் அடிப்படையில்." நான் என்ன நினைத்தேனோ தெரியவில்லை, "நாள் மேலிருந்து வரும் சார், அதற்கேற்ப மணிக்கணக்கை நாங்கள் பின்னாலிருந்து போடுவோம்" என்றேன். பக்கத்தில் இருந்தவன் மேஜைக்கடியில் காலை மிதித்தான். அப்ரைசர் டீமில் ஒருவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

முதற்கட்ட முடிவுகளை எல்லோரையும் உட்காரவைத்துக் காட்டுவார்கள் அல்லவா, அந்த ஸ்லைடில் பெயர் இல்லாமல் வந்தது: எஸ்டிமேட்டுகள் எல்லா நேரமும் வரையறுத்த முறைப்படி உருவாக்கப்படுவதில்லை. பெயர் இல்லைதான். ஆனால் இன்டர்வியூவில் இருந்ததே நாலு பேர். மறுநாள் மேனேஜர் என் இடத்துக்கு வந்து, "நல்லாப் பேசினியாமே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வருட ரேட்டிங் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. விடுங்கள்.

ஓய்வுபெற்ற பிராசஸ் ஆள்

தம்பி சொன்னதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. 60 கேள்வி அச்சடித்துக் கொடுத்த கூட்டத்தில் நானும் ஒரு காலத்தில் இருந்தவன்தான். வேறு கம்பெனி.

இது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 80களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு மென்பொருள் எழுதித் தரும் கம்பெனிகள் காலக்கெடுவையும் தாண்டும், பட்ஜெட்டையும் தாண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1984ல் எஸ்இஐ என்ற மென்பொருள் பொறியியல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஐபிஎம்மில் பல காலம் இருந்த வாட்ஸ் ஹம்ஃப்ரி 1986ல் அங்கே வந்தார். அமெரிக்க விமானப்படை, எந்தக் கம்பெனிக்கு வேலையை நம்பிக் கொடுக்கலாம் என்று பார்க்க ஒரு வழி கேட்டது. 1987ல் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் ஒரு கேள்வித்தாள் வந்தது. அது வளர்ந்து 1991ல் சிஎம்எம், 2000ல் சிஎம்எம்ஐ. அதாவது, வாங்குகிறவன் விற்கிறவனை எடை போடுவதற்குச் செய்த தராசு இது. விற்கிறவன் அதைத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்வான் என்று ஆரம்பித்தவர்கள் நினைத்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஐந்தாம் நிலை என்று முதலில் பெயர் வாங்கியது ஹூஸ்டனில் விண்வெளி ஓடத்துக்கு மென்பொருள் எழுதிய ஐபிஎம் குழு, 1989ல். ஒரு வரி பிழையானால் ஆள் சாகிற இடம். 90களின் முதல் பாதியிலேயே பெங்களூரில் மோட்டோரோலாவின் மென்பொருள் பிரிவும் அந்த நிலையை எட்டியது. அப்புறம் நம் ஊரில் பிடித்தது பாருங்கள் ஓட்டப்பந்தயம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நம் கம்பெனிகளின் பெயரே தெரியாத காலம் அது. 'லெவல் ஃபைவ்' என்றால் கதவு திறந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், அதில்தான் நாம் எல்லோரும் சோறு தின்றோம். ஹம்ஃப்ரியின் பெயரிலேயே 2000ல் சென்னையில் ஒரு மென்பொருள் தர நிறுவனம் வந்தது என்றால் அந்தக் காலத்து மோகம் புரியும்.

இன்னொன்று. எல்லோரும் 'சர்ட்டிஃபிகேட்' என்கிறார்கள். ஐஎஸ்ஓவுக்குத்தான் சான்றிதழ். இதில் இந்த நிலையில் மதிப்பிடப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். நான் பத்து வருஷம் சொல்லிப் பார்த்தேன். மார்க்கெட்டிங் ஆள் பேனரில் சர்ட்டிஃபைட் என்றே அடித்தான்.

நான்காம் நிலைக்குப் போனபோது நடந்தது மறக்காது. ரிவ்யூவில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பிழை கண்டுபிடிக்கிறோம் என்று கண்ட்ரோல் சார்ட் போட்டோம். வழக்கமான ஏற்ற இறக்கத்தின் எல்லையாக மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு உள்ள வரைபடம் அது. 30 புள்ளி, அத்தனையும் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே, அணிவகுப்பு மாதிரி. சுவரில் மாட்டினோம். வந்த லீட் அப்ரைசர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதைப் பார்த்து நீங்கள் எந்த வேலையை மாற்றிச் செய்தீர்கள்?" என்றார். ஒன்றையும் மாற்றவில்லை. கோட்டுக்கு வெளியே போன புள்ளிகளை 'டேட்டா தவறு' என்று நாங்களே முன்பே நீக்கிவிட்டிருந்தோம். படம் அழகாக வந்தது, கேள்வி கேட்க ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. அந்த முறை நான்கு கிடைக்கவில்லை. பிறகு ஒன்றரை வருஷம் ஆனது. இரண்டாம் முறை வந்தபோது மூன்று புள்ளி வெளியே இருந்தது. மூன்றுக்கும் எங்களிடம் கதை இருந்தது. ஒன்று, ரிவ்யூ செய்தவருக்கு அந்த மாட்யூலே புதுசு. அதன் பிறகுதான் யார் எதை ரிவ்யூ செய்வது என்று பட்டியல் போட்டோம்.

கோவை (வாகன மின்னணு)

எங்கள் பக்கம் சிஎம்எம்ஐ இல்லை, கார் மென்பொருளுக்கென்று இதே மாதிரி இருக்கும் மதிப்பீடான ஆட்டோமோட்டிவ் ஸ்பைஸ். கார் கம்பெனி, அதிலும் ஜெர்மன் வாடிக்கையாளர் என்றால் இது கட்டாயம் மாதிரி. இதில் கம்பெனிக்கு மொத்தமாக ஒரு நிலை கிடையாது. ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி. மதிப்பெண்ணும் நாலே எழுத்து: என், பி, எல், எஃப். 15 சதவீதம் வரை என், 50 வரை பி, 85 வரை எல், அதற்கு மேல் எஃப். எங்கள் ஆட்கள் இதை 'ஃபெயில், ஜஸ்ட் பாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், டிஸ்டிங்ஷன்' என்பார்கள்.

வைப்பர் கட்டுப்பாட்டு யூனிட் ஒன்று. 600 தேவைகள், ஒவ்வொரு தேவையும் எந்த டிசைன், கோடு, டெஸ்ட்டோடு இணைகிறது என்று காட்டும் டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸ் முழுக்க நிரப்பியிருந்தது, 100 சதவீதம் பச்சை. மதிப்பிட வந்த அசெசர் அந்தப் பச்சையைப் பார்க்கவே இல்லை. ஸ்க்ரோல் செய்து நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, "இதைப் பிடித்துக்கொண்டு கீழே போவோம்" என்றார். சுவிட்சைப் போட்டதும் 250 மில்லி செகண்டுக்குள் மோட்டார் இயங்க வேண்டும். டிசைனில் 250. கோடில் 250. டெஸ்ட் கேஸில் 300! தேவை மாறியபோது கோடை மாற்றியவர் டெஸ்ட்டை மாற்றவில்லை. அதாவது 280ல் ஓடியிருந்தாலும் எங்கள் டெஸ்ட் பாஸ் என்றுதான் காட்டியிருக்கும். மேட்ரிக்ஸில் இணைப்பு பச்சைதான், ஏனென்றால் இரண்டு பக்கமும் எண் இருக்கிறதா என்று மட்டும்தான் எங்கள் ஸ்கிரிப்ட் பார்த்தது.

அன்று ராத்திரி நாங்களாகவே உட்கார்ந்து 600ஐயும் பார்த்தோம். பதினொன்று இப்படி இருந்தது. அசெசருக்கு ஒன்றுதான் தெரியும். மற்ற பத்தைச் சொல்வதா வேண்டாமா என்று டீக்கடையில் முக்கால் மணி நேரம் விவாதம். சொன்னோம். அந்த பிராசஸுக்கு பி தான் வந்தது. வாடிக்கையாளர் மூன்று மாதம் கொடுத்தார்.

ஹைதராபாத்

புதுசாக வந்தவர்களுக்கு: 2018ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து எந்தப் புராஜெக்ட், அதில் எந்தப் பகுதி என்று சாம்பிளை சிஎம்எம்ஐ இன்ஸ்டிடியூட் பக்கமே குலுக்கிப் போடுகிறது. முன்பு எங்களிடம் ஒரு 'ஷோகேஸ்' புராஜெக்ட் இருக்கும். வருடம் முழுக்க அதற்கு மட்டும் மேக்கப் போட்டு வைத்திருப்போம், நகைக்கடை பொம்மை மாதிரி. இப்போது அந்த வேலை நடக்காது. எங்கள் குலுக்கலில் வந்தது நாலு பேர் செய்யும் ஒரு மெயின்டெனன்ஸ் வேலை. குவாலிட்டி ஹெட் அப்படி ஒரு டீம் இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டார்.

மதுரைக்காரர்

அக்கா, ஒன்று கேட்க விட்டுவிட்டேன். அந்த மாட்டுப் பொங்கல் மினிட்ஸ் அப்புறம் என்ன ஆயிற்று?

தொடங்கியவர்

அப்ரைசல் முடிந்ததும் நீக்கிவிடலாம் என்றுதான் பேச்சு. ஆனால் ஆதாரத் தொகுப்பு முழுவதையும் ஃபைல் பதிப்புகளைக் காக்கும் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட்டில் பேஸ்லைன் செய்து பூட்டிவிட்டார்கள். பேஸ்லைன் ஆன ஃபைலைத் தொட வேண்டுமானால் சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட வேண்டும். அதில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு, காலியாக விட முடியாது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் 2016ல் அங்கிருந்து விலகும் வரை அந்த ஃபைல் அங்கேயேதான் இருந்தது. ஏழு பேரும் ஆஜர்.