தைக்கும் முன்பே பூவேலையா? 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வெயிஸ்ட்கோட் பற்றி ஓர் ஐயம்

நூல்கண்டு:
வணக்கம். நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகச் சேகரிப்பில், 18ஆம் நூற்றாண்டு பிரான்சைச் சேர்ந்த வெட்டப்படாத பட்டுத் துணிகளைப் படத்தில் பார்த்தேன். ஆண்கள் கோட்டுக்குள் அணியும் வெயிஸ்ட்கோட்டின் முன்பக்க வடிவம் அதில் பூவேலையாகவே கிடக்கிறது. ஓரத்தில் வெற்றிடத்தில் காசளவு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பூ. இந்த வட்டங்கள் எதற்கு?

பட்டுநூல்:
அவை பொத்தான்கள். தையற்காரர் அவ்வட்டங்களை வெட்டியெடுத்து, மர அச்சின்மேல் இழுத்துப் போர்த்தித் தைத்துவிடுவார். பைமூடியும் அதே துணியில்தான் இருக்கும். சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய தட்டையான துணியில்தான் இவ்வேலை ஓடும் என்பதால், பூவேலை முதலிலும் வெட்டு பின்னரும் நடந்தன. கோலத்தைத் தாளில் வரைந்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, கரித்தூளையோ வெண்பொடியையோ தேய்த்துத் துணியில் இறக்கினார்கள். அரச வரைஞரான செயின்ட்-ஓபன் 1770இல் வெளியிட்ட பூத்தையல் நூல் இத்தொழிலின் முறைகளைத் துல்லியமாகப் பதிவு செய்திருக்கிறது.

ஊசிமுனை:
ஆரி வேலை செய்பவள் என்பதால் இதைப் படித்ததும் மகிழ்ந்தேன். நாங்களும் அளவு ப்ளவுஸை வைத்துக் கழுத்தையும் கையையும் துணியில் குறித்து, துளையிட்ட டிரேஸிங் தாளின்மேல் மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்து, வேலை முடிந்த பிறகே தைக்கக் கொடுக்கிறோம். அந்தப் பூக்களும் கொக்கி ஊசியில் போட்டவையா?

பட்டுநூல்:
பெரும்பாலும் இல்லை, அம்மா. இதழ்களின் நிறம் மெல்ல மாறுவதற்காக, சாதாரண ஊசியில் நீளமும் குட்டையுமாக இழைகளை நெருக்கி நிரப்பினார்கள். ஆனால் அடியிலிருந்து நூலை மேலே இழுக்கும் சங்கிலித் தையலும் அந்நூற்றாண்டின் நடுவில் ஆசியாவிலிருந்து அங்கே பரவியது. துணியை மத்தளம்போல் இழுத்துக் கட்டுவதால் அதற்கு, பிரெஞ்சில் மத்தளத்தைக் குறிக்கும் தம்பூர் என்ற சொல்லையே பெயராக வைத்தார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல்வேலை செய்துவந்த மோச்சிகள், தோலில் பழகிய கொக்கியைப் பட்டுக்குக் கொண்டுவந்து இதே தையலில் பெரும் தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

நூல்கண்டு:
பூவேலை முன்பே முடிந்துவிட்டால், பருமனானவர் வாங்கினால் என்ன செய்வார்கள்?

பட்டுநூல்:
நல்ல கேள்வி. பூக்கள் முன்விளிம்பிலும் கீழ்ஓரத்திலும் பையைச் சுற்றியுமே நெருங்கி நிற்கும்; அக்குள் பக்கம் வெறுமையாகவோ சிறு பூக்கள் தூவியோ இருக்கும் என்பதால் அங்கே கூட்டிக் குறைக்கலாம். கோட்டுக்குள் மறையும் முதுகுப்பக்கத்துக்கு மலிவான சாதாரணத் துணியே போதும். பலவற்றில் அங்கே நாடா வைத்து, இறுக்கவும் தளர்த்தவும் வழிசெய்திருந்தார்கள்.