விசித்திர ராக் இசை முதன்முதலாகக் காதில் விழுந்தது எப்படி? வடசென்னைக்காரர்கள் சொல்லுங்கள்

கல்மண்டபத்தான்:
பர்மா பஜாரில் எம்பி3 சிடி கொடிகட்டிப் பறந்த காலம். உறையில் ஏதோ ஹெவி மெட்டல் குழுவின் படம் இருக்கும். உள்ளே சம்பந்தமே இல்லாத ஃபோல்டர்கள். அப்படி ஒரு சிடியில் சிக்கியதுதான் 'கேன்' என்ற ஜெர்மன் குழு. முதலில் ஓடியது 'ஹல்லேலுவா', பதினெட்டரை நிமிடம்.

பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். டிரம்ஸ் ஒரே அடியைப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறது. அடுப்படியிலிருந்து அம்மா, "டேய், சிடி மாட்டிக்கிச்சு பாரு" என்றார். மாட்டவில்லை. டிரம்ஸ் வாசித்த யாக்கி லீபெட்ஸைட் கட்டுத் தாளம் இல்லாமல் மனம்போல வாசிக்கும் ஃப்ரீ ஜாஸில் இருந்தவர். அதை விட்டுவிட்டுத்தான் இப்படி ஒரே தாளத்தில் உட்கார்ந்தார்.

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் மோளக்காரர்கள் முதலில் காகிதத்தைக் கொளுத்தி, பறையை அதன் மேல் காட்டிச் சூடேற்றுவார்கள். விரலால் ஒரு தட்டு, மறுபடி தீயில் ஒரு காட்டு. 'டங்'கென்று வந்த பிறகுதான் ஆரம்பம். அப்புறம் அதே அடிதான், பிணம் தெருமுனை தாண்டும்வரை. நடுவில் ஒருவர் மட்டும் குச்சியை லேசாக மாற்றிப் போடுவார், ஆடுகிற கூட்டம் விசிலடிக்கும். அந்தச் சின்ன மாற்றத்துக்குக் காத்திருந்து பழகிய காதுக்கு கேன் புரிய எவ்வளவு நேரமாகும்? மூன்றாம் முறை கேட்கும்போது உட்கார முடியவில்லை.

அந்தப் பாட்டு உள்ள 'டாகோ மாகோ' 1971-இல் வந்தது. கொலோன் பக்கத்தில் ஒரு கோட்டையில் மணிக்கணக்கில் வாசித்ததை, பாஸ் வாசித்த ஹோல்கர் சூகாய் டேப்பை வெட்டி ஒட்டிப் பாட்டாக்கினார். பாடகர் டாமோ சுசுகி மியூனிக்கில் தெருவில் பாடிக்கொண்டிருந்தவர். பார்த்த அன்று இரவே மேடையேற்றிவிட்டார்கள்!

லோகோ ஒர்க்ஸ்:
அண்ணே, நம்ம கதை வேற. அப்பா ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் இரும்புக் கூடு செய்கிற ஷெல் டிவிஷன். நண்பன் ஒருவன் பென் டிரைவில் கொடுத்தது 'ஐன்ஸ்டூர்ட்செண்டே நொய்பாவ்டென்' குழுவின் 'கொலாப்ஸ்', 1981. மேற்கு பெர்லின் ஆட்கள். இரும்புத் தகடு, ஸ்பிரிங், ட்ரில், இவைதான் வாத்தியம். கையில் காசில்லாமல் டிரம் செட்டை விற்றுவிட்டுத்தான் அதில் ஒருவர் இரும்பைத் தட்ட ஆரம்பித்தாராம். ஆரம்பத்தில் நெடுஞ்சாலைப் பாலத்துக்குள் இருந்த ஒரு பொந்தில் ஏறி ரெக்கார்ட் பண்ணியிருக்கிறார்கள்.

ஸ்பீக்கரில் போட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கி, "ட்ரில் பிட்டு மழுங்கிப் போச்சு. மாத்தாம அழுத்துறான் பாரு" என்றார். நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அடுத்த பாட்டில் "இது மெல்லிசுத் தகடு" என்றார். எனக்குத் தெரிந்து அந்த ஆல்பத்தை அவ்வளவு கவனமாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

சுருதிப்பெட்டி:
தம்பிகளா, கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் வடசென்னை என்றாலே சாவு மோளமும் தொழிற்சாலைச் சத்தமும்தானா? நான் தண்டையார்பேட்டையில் பாட்டு கிளாஸ் போய் வளர்ந்தவள். எனக்கு இந்த இசை வந்தது சத்தம் வழியாக இல்லை.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற நியூயார்க் ராக் குழுவின் 1967 ஆல்பத்தில் 'வீனஸ் இன் ஃபர்ஸ்' கேட்டதும் எனக்கு முதலில் பிடிபட்டது ஆதார சுருதி. அந்தக் குழுவின் ஜான் கேல் வயோலாவில் (வயலினுக்குக் கொஞ்சம் பெரிய அக்கா) ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறார். பாட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, தம்பூராவின் மேல் உட்காருகிற மாதிரி. இது தற்செயல் இல்லை. அந்தக் குழுவுக்கு முன்னால் அவர் லா மான்டே யங் என்ற அமெரிக்க இசையமைப்பாளருடன் சேர்ந்து ஒரே சுரத்தை மணிக்கணக்கில் இழுத்து வாசித்தவர். அந்த யங் 1970-இல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான்நாத்துக்குச் சீடரானார். என்ன, நம் டீச்சர் கேட்டிருந்தால் வயோலாவைத் திரும்பச் சுருதி சேர்க்கச் சொல்லியிருப்பார். அந்தக் கரகரப்புதான் எனக்குப் பிடித்தது.

கல்மண்டபத்தான்:
அக்கா சொல்வது நியாயம். மோளம் என் காது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று: இத்தனை கேட்டும் கேப்டன் பீஃப்ஹார்ட் என்ற அமெரிக்கப் பாடகரின் 'ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா' ஆல்பம் (1969) எனக்கு ஒட்டவே இல்லை. 28 பாட்டு, ஆளுக்கொரு தாளத்தில் போகிறார்கள். ஒரு வீட்டில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்து ஒத்திகை பார்த்த இசை அது என்று படித்தேன். மரியாதை கூடியது, பிடிப்பது கூடவில்லை.

லோகோ ஒர்க்ஸ்:
பீஃப்ஹார்ட் நானும் பாதியில் இறங்கியவன். அதை விடுங்கள், 'நொய்' என்ற ஜெர்மன் குழுவின் இரண்டாவது ஆல்பம் (1973) கேட்டிருக்கீங்களா? ஸ்டுடியோவுக்குக் காசு தீர்ந்துபோச்சு, இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் காலி. ஏற்கெனவே தனித்தட்டாகப் போட்ட சிங்கிளையே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி ரொப்பிட்டாங்க. வாக்மேனில் பேட்டரி இறங்கும்போது எஸ்பிபி குரல் இழுக்குமே, அதையே ஆல்பமாப் போட்ட தைரியம் யாருக்கு வரும்?

சுருதிப்பெட்டி:
தம்பி, லிங்க் இருந்தால் போடு. குறைத்து ஓட்டினதை முதலில்.