ஆயுள் கைதியின் முன்விடுதலை மனு: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற என் சித்தப்பா 16 வருடம் உள்ளே கழித்துவிட்டார். முன்விடுதலை கேட்டு சித்தி போட்ட மனுவுக்குப் போன வாரம் பதில் வந்தது: ‘பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது.’ அவ்வளவுதான், காரணம் ஒன்றும் இல்லை. காபிப் பழம் பறித்துக் கறையேறிய விரல்களால் அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறார்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு (புதியதில் 475) கேட்கும் 14 வருடம் முடிந்துவிட்டது. நிராகரித்தால் சுருக்கமாகவாவது காரணம் சொல்ல வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அரசியல் சட்டம் 161-இன் கீழ் ஆளுநருக்கும் மனு போடலாம். பேரறிவாளன் விஷயம் அங்கே எத்தனை வருடம் இழுத்தது என்று நினைத்தால்தான் தயக்கம்.

அரசுக்கே மறுபடி எழுதுவதா, நேரே சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவதா? சேலத்தில் இலவச சட்ட உதவி மூலம் இதைச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், நன்னடத்தை அலுவலர் அறிக்கையின் நகலை எப்படி வாங்குவது? அதில்தான் ஏதோ பாதகமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

‘நல்ல வக்கீலைப் பாருங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சித்திக்கு அன்றைய கூலி போச்சு.